கரையும் மாத்திரை

காலை ஏழு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: வேதநாயகம், அவர் மனைவி எஸ்தர், சுவரில் அவர் கம்பெனி மாட்டிய மாத்திரைப் பெட்டி. இருவருக்கும் ரத்த அழுத்தம். பெட்டி இலவசமாகத் தருவது அவருக்கு மட்டும்தான். கடை விலை எஸ்தருக்கு எட்டாது. அவர் விழுங்குவதைப் பெட்டி பார்த்தால்தான் வாசல் கதவு திறக்கும். நான்கு மாதமாக அவர் மாத்திரையை நாக்கடியில் ஒளித்து, பிறகு உடைத்துப் பாதியை அவளுக்குக் கொடுத்துவந்தார்.

“ஏட்டி, கல்யாணத்தன்னைக்கே பாதிப்பாதின்னுதான பேச்சு,” என்பார்.

இன்று பெட்டி சொன்னது: “உங்கள் அழுத்தம் குறையவில்லை. இனி வாயிலேயே கரையும் மாத்திரை.”

வாயில் போட்டதும் கரையத் தொடங்கியது. உமிழ்நீரை விழுங்காமல் எஸ்தரைப் பார்த்தார்.

“முழுங்குங்க,” என்றாள். “ரெண்டு பேரும் அரைகுறையா கெடந்து என்னத்துக்கு? வேலைக்கு நேரமாச்சு.”

விழுங்கினார். கதவு திறந்தது. அவர் வெளியே போனதும், பின்னால் சாத்திப் பூட்டிக்கொண்டது.