ஒரே ஒரு வாய்

அந்த வீட்டில் வளைகாப்பு என்றால் பாயசத்தை வெள்ளிக் கரண்டியால்தான் ஊட்ட வேண்டும். அதனால் கரண்டிக்குத் தலைகால் புரியாது. வான்மதியின் வளைகாப்பன்று, பக்கத்தில் இருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினைப் பார்த்து அது சிரித்தது.

"மாசமா இருக்கிறவளுக்கு நான் ஊட்டுறேன். நீ குத்துறே!"

"ஒரு துளி ரத்தம்தான் எடுக்கிறேன்," என்றது மெஷின். "மாசமானதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை ஏறுது. ரத்தம் சொல்றதைத்தான் நானும் சொல்றேன்."

மாமியார் வளையல் போட்டுவிட்டு, "ஒரே ஒரு வாய், கண்ணு," என்று ஊட்டினார். அடுத்து வந்த சித்தியும், "ஒரே ஒரு வாய்தானே!" என்று கரண்டியை எடுத்தார். கரண்டி எட்டிப் பார்த்தது. வாசல்வரை பெண்கள் நின்றிருந்தார்கள். ஊட்டுகிற ஒவ்வொருத்திக்கும் அது ஒரு வாய்தான். அத்தனை வாயையும் சுமந்துபோகப் போவது தான் மட்டும்தான் என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது.

மறுகணம் அது சித்தியின் கையிலிருந்து வழுக்கி, தரையில் ஒரு துள்ளு துள்ளி, பீரோவுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வெள்ளிக் கரண்டி இல்லாமல் பாயசமா? துடைப்பத்தை விட்டுத் துழாவியும் அது வரவில்லை. வான்மதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் கையால் சுண்டலை ஊட்டிவிட்டுப் பாட்டை ஆரம்பித்தார்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மெஷின் அவள் விரலில் ஒரு துளி எடுத்தது.

"ரத்தம் என்னைப் பத்தி என்ன சொல்லுது?" என்று பீரோவுக்கடியிலிருந்து பயந்துகொண்டே கேட்டது கரண்டி.

"உன் பேச்சையே எடுக்கலை," என்றது மெஷின்.

இவ்வளவு பெரிய பாராட்டைக் கரண்டி எந்த வளைகாப்பிலும் கேட்டதில்லை. தூசிக்குள்ளேயே கிடந்து மின்னியது.