மெஸ் கதவு கேட்டது

ஆராய்ச்சி மாணவி நித்திலா சில நாளாகத் தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு திரும்புவதை விடுதி மெஸ்ஸின் பேசும் கணினிக் கதவு கவனித்துவிட்டது. பணமில்லாமல் தவிக்கும் மாணவர்களுக்கு அவசர நிதி கொடுப்பதும் அதன் வேலைதான்.

"கையில காசு இல்லையாம்மா? அனுப்பட்டுமா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பட்டினி இல்ல. விரதம்."

"யாருக்காக?"

"அப்பாவுக்கு நாளைக்கு இருதய ஆபரேஷன். இன்னும் பணம் கட்டல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரிடமும் கை நீட்டக் கூடாது என்றிருந்தவள்.

கதவு விடுதிப் பதிவில் அவள் அப்பா பெயரைப் பார்த்து, ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து, அவசர நிதியிலிருந்து பணம் அனுப்பியது.

"ஆஸ்பத்திரிக்குக் கட்டியாச்சும்மா."

நித்திலா கதவிலேயே சாய்ந்து அழுதாள்.

"விரதம் எப்ப முடியும்?"

"அப்பா கண் முழிச்சதும்."

"சரி. எந்நேரம் வந்தாலும் திறக்கிறேன். இட்லி சூடா இருக்கும்."