இன்னொரு சீட்டு

“இவ பண்ற வேலைக்கு எனக்கு இன்னாத்துக்கு மேடம் ஊசி?”

முனிகிருஷ்ணன் கையிலிருந்த சீட்டை மேஜைமேல் விட்டெறிந்தான். கணவனை அழைத்து வரும்படி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு. நாற்காலியில் அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தானோ என்னவோ. அவன் மனைவி தாட்சாயணி சுவரோரம் தலைகுனிந்து நின்றாள்.

சித்தூரில் அந்தப் பால்வினை நோய்ப் பிரிவில் ஜெமிமா ஆலோசகராகச் சேர்ந்து நாலே நாள். யாரையும் எடை போடக்கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மனசு கேட்டால்தானே.

“மேகநோய் ஒருத்தருக்கு வந்தா புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் மருந்து போடணும்ணா. ஒருத்தரை விட்டாலும் மறுபடி வரும்.”

“எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாதா? திருப்பதி லாட்ஜில இவ இன்னா வேலை பண்றான்னு ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கழுவிக்கினு உள்ளே வாடின்னு புண் கழுவுற மருந்து பாட்டிலை நானே வாங்கிக் குடுக்கறேன். தெனமும் உள்ளே ஊத்திக் கழுவறா. அப்படியும் வந்துடுச்சுன்னா பாத்துக்குங்க.”

அவள் சம்பாதித்துக் கொண்டுவருகிற சோற்றையும் கழுவிவிட்டுத்தான் தின்கிறாயா என்று கேட்க ஜெமிமாவுக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

“நீங்க லாரி ஓட்டறவரு. வெளியில எங்கயாவது...”

“நானா? பலமனேர்ல தக்காளி லோடு ஏத்தினா நேரா மார்க்கெட்டு, அப்புறம் வீடு. நேத்து காணிப்பாக்கம் இட்டுக்கினு போனேன். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவளே குளத்துல முழுகிட்டுப் போயி, என்னாலதான் வந்துது, புள்ளையார் சாட்சின்னு சத்தியம் பண்ணிட்டா. அதுக்கப்புறம் இன்னா பேச்சு?”

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண அந்தப் பக்கத்தில் திருடன்கூடத் துணியமாட்டான். சர்ச்சுக்குப் போகிற ஜெமிமாவின் வீட்டிலேயே அந்தப் பயம் உண்டு. அதற்குமேல் கேட்க அவளிடமும் ஒன்றுமில்லை.

“ஆமா மேடம், தப்பு என்னுதுதான்,” என்றாள் தாட்சாயணி. “அவருக்கு ஊசியைப் போட்டுடுங்க.”

“முனிகிருஷ்ணன், லோபலிக்கி ரண்டி,” என்று ஊசி அறையிலிருந்து நர்ஸ் தெலுங்கில் உள்ளே கூப்பிட்டாள்.

“உன்னைக் கட்டிக்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்,” என்று முனகியபடி அவன் உள்ளே போனான்.

கதவு சாத்தியதும் ஜெமிமா தாட்சாயணியின் ஃபைலைப் பிரித்தாள். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே ரத்தம் பார்ப்பார்கள். நாலு வருஷத்தில் எட்டுப் பரிசோதனை. எட்டிலும் நோய் இல்லை. ஒன்பதாவதில்தான் வந்திருக்கிறது. பக்கத்தில் பழைய ஆலோசகரின் கையெழுத்து: ‘வெளியில் எப்போதும் காண்டம். கணவரிடம் இல்லை.’

ஜெமிமா இரண்டு தடவை படித்தாள்.

“அக்கா, லாட்ஜில என்னைக்காவது காண்டம் இல்லாம இருந்தீங்களா?”

“ஒருநாளும் இல்ல மேடம். அடிச்சாலும் ஒத்துக்கமாட்டேன்.”

“வீட்ல?”

“வீட்ல எப்படி மேடம்? புருஷனாச்சே.”

“அப்போ இது அவர்கிட்டேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கு.”

தாட்சாயணிக்கு அது புதிய சேதியில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“தெரிஞ்சேவா அப்படிச் சத்தியம் பண்ணீங்க?”

“நான் பண்ணலன்னா அவரு பண்ணியிருப்பாரு மேடம். பொய்யா முழுகினா புள்ளையார் அவரைச் சும்மா வுடுவாரா?” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அழுக்குன்ற பேரு எனக்குப் பழகிப்போச்சு. அவருக்குப் பழகல. உன்னாலதான்னு சொல்லியிருந்தா இந்த வாசப்படியே ஏறியிருக்கமாட்டாரு.”

ஜெமிமா வேலைப் பேச்சுக்குத் திரும்பினாள்.

“அந்த மருந்தை இனிமே உள்ளே ஊத்தாதீங்கக்கா. அதால இந்த நோயைத் தடுக்க முடியாது. உள்ளே சதைதான் புண்ணாவும். புண்ணாயிட்டா நோய் சுளுவா உள்ளே போயிடும். வெறுந்தண்ணியில வெளியில கழுவினாப் போதும்.”

தாட்சாயணி அவளையே பார்த்தாள்.

“எரியும் மேடம். உயிர் போறாப்பல எரியும். எரிஞ்சாதான் சுத்தமாவுதுன்னு நெனச்சுக்கினேன்.”

ஜெமிமா ஃபைலை மூடினாள். தாட்சாயணி போகவில்லை. ஊசி அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, மேஜைமேல் கிடந்த சீட்டைத் தொட்டாள்.

“இதுமாதிரி இன்னொரு சீட்டு எழுதிக் குடுங்க மேடம். அவரு வர்றதுக்குள்ள.”

“யாருக்குக்கா?”

“பலமனேர் தக்காளி மண்டிக்குப் பின்னால ஒரு பொண்ணு இருக்குது. அவரு லாரி அங்கதான் நிக்கும். பேரு தெரியாது. நாளைக்கு பஸ் ஏறி நானே குடுத்துட்டு வந்துடறேன்.”

எழுத எடுத்த ஜெமிமாவின் பேனா நின்றது. “அவளுக்காக நீங்க எதுக்குக்கா?”

தாட்சாயணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவளுக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்திருப்பாரு மேடம். பாவம், எரியும்.”