பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது

‘உங்கள் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது. லிங்கை அழுத்தி வங்கி அட்டை இலக்கத்தைப் பதியவும்.’

ஜவ்பர் அழுத்தப் போனார். மனைவி நஸ்லியா பாய்ந்து போனைப் பறித்தாள்.

“மக்காவுக்கு உம்றா போகச் சேத்த காசு அந்தக் கார்டிலதான் கிடக்கு! ஏதும் ஓடர் பண்ணினீங்களா?”

“இல்ல புள்ள.”

“மறுகா என்னத்துக்கு அமத்துறீங்க?”

“உண்மையா இருந்தா?”

“கல்முனையில கூரியர்காரன் லிங்கா அனுப்புவான்? பள்ளிச் சந்தியில நிண்டு கோல் எடுத்து வழி கேப்பான். இது கள்ளன்ட வேலை.”

“அவ்வளவு நிச்சயமா?”

நஸ்லியா அலுமாரியைத் திறந்தாள். உள்ளே பிரித்த பார்சல்.

“நேத்து நீங்க ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம் உங்கட பேருக்கு வந்திட்டு. தடுத்து வெச்சது நான்தான். முடி முளைக்கிற எண்ணெயாம்! பூனைட வாலில தடவிப் பாத்தன். இருந்த முடியும் கொட்டிட்டு.”

ஜவ்பர் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.