கேள்விப்பட்ட குறைகள்

படகு சேற்றில் நின்றுகொண்டிருந்தது. சாயவில்லை.

சத்யப்ரியாவுக்கு அதுவே போதும் போலிருந்தது. மரக்காணம் உப்பளங்களுக்குப் பின்னால் ஓடும் இந்த ஓடையில் தண்ணீர் வற்றினால் மற்றப் பாய்மரப் படகுகள் குடித்தவன் மாதிரி ஒருக்களித்துப் படுத்துவிடும். அவற்றுக்கு அடியில் கத்தி போல் நீளும் கீல் என்கிற அடித்தகடு ஒன்றுதான். இதற்கு இரண்டு. இரண்டு காலையும் ஊன்றி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் போல நின்றது.

ஆனால் எதைப் பார்த்தாலும் போதும் என்று தோன்றுவதுதான் அவளுடைய வியாதி.

சென்னையில் பார்த்த படகும் அப்படித்தான் தோன்றியது. விற்க வந்தவர் ஒரு குறையும் இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். புதுப் பெயின்டைச் சுரண்டினால் விரல் நுழைகிற ஓட்டை. புதுச்சேரியில் பார்த்ததை அவள் வாங்காமல் தப்பியது சாமர்த்தியத்தால் அல்ல. முன்பணம் கொடுக்கப் போன அன்று காலை அது மூழ்கிவிட்டது.

சனி ஞாயிறுகளில் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டாளே தவிர, படகின் வயிற்றுக்குள் என்ன நோய் என்று கண்டுபிடிக்கத் தெரியாது. அதற்கென்று இருக்கிற ஆளைக் கூட்டிவந்தால் அவன் கூலிக்கே சேமிப்பில் பாதி போய்விடும். மிச்சத்தில் படகின் பாதியைத்தான் வாங்க முடியும்.

படகருகே ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, கணுக்கால் வரை சேறு.

"ஏம்மா, நீயும் இதத்தான் பாக்க வந்தியா?"

"ஆமா சார்."

"நானும்தான். பேரு ஜெயப்பிரகாஷ். சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். வேணாம்மா, இது தேறாது."

முகத்தில் ஒன்றும் தெரியவிடக் கூடாது என்று அவள் பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தாள். தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் படகைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்படி என்ன சார் குறை?"

அவர் அதற்காகவே காத்திருந்தவர் போல் குனிந்தார்.

"இடது கால பாரு. அத புடிச்சிருக்கிற போல்ட்டுல கடைசி ரெண்டும் போச்சு. உப்பளத்துலேர்ந்து வடியுற தண்ணி இங்கதான் வந்து சேருது. கடல் தண்ணியாவது பரவால்ல, இது இரும்ப தின்னுடும்." சட்டென்று நிமிர்ந்து, "கேள்விப்பட்டேன்" என்றார்.

"வலது கால்ல?"

"அது போன வருஷம் மாத்துனது. கேள்விப்பட்டேன்."

சுக்கான் இடப்பக்கம் இழுக்கும். கேள்விப்பட்டிருக்கிறார். மேல்மூடி மழைக்கு ஒழுகும். சரியாகத் தலையணை வைக்கிற இடத்தில்.

"மழைக்கு மட்டுமா, அலைக்குமா சார்?"

"மழைக்கு மட்டுந்தான். அதுவும் வடக்கேருந்து சாஞ்சு அடிச்சாத்தான்."

அவள் கேட்கக் கேட்க அவருக்கு உற்சாகம் ஏறியது. பெரிய பாயில் ஒட்டுப்போட்ட இடம், மோட்டார் மூன்றாம் தடவை இழுத்தால்தான் உறுமுகிற பழக்கம், போன புயலில் ஒரு ஆடு உள்ளே ஏறிக் குட்டி போட்டது, வெயில் ஏறினால் இன்னும் அந்த வாசம் வருவது. 'கேள்விப்பட்டேன்' எங்கோ கழன்று விழுந்துவிட்டது. பேச்சு முழுவதும் அவர் உள்ளங்கை படகின் விலாவை விட்டு அகலவில்லை.

ரொம்பத்தான் கேட்கிறோமோ, சுதாரித்துக்கொள்வாரோ என்று சத்யப்ரியா தயங்கினாள். ஆனாலும் இதைக் கேட்காமல் போகக் கூடாது.

"உடம்புல எங்கெங்க ஓட்டை சார்?"

"ஓட்டையா? இதுலயா?" அவர் முகம் சிவந்தது. "தட்டிப் பாரும்மா! நல்லாத் தட்டு!" தானே ஓங்கி அறைந்தார். கெட்டியான சத்தம். உப்புக் குவியல் மேல் உட்கார்ந்திருந்த காகம் எழும்பிப் பறந்தது.

அதன் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தட்டுனா ஒண்ணும் தெரியாதும்மா. அதான் ஆபத்தே."

சத்யப்ரியா பெருமூச்சு விட்டாள். பிறகு போனை எடுத்தாள். ஓடைக் காற்றில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சூர்யகலாக்கா, சத்யப்ரியா பேசுறேன். படகை நானே எடுத்துக்குறேன்."

"ஏம்மா!" ஜெயப்பிரகாஷ் அலறினார். "இவ்ளோ சொல்லியுமா?"

போன் சிரித்தது.

"எங்க வீட்டுக்காரரு கத்துறாரா? நான் காலைலயே சொன்னேன்ல, வாங்க வந்தவன்னுதான் சொல்லுவாரு, நம்பிடாதன்னு. முன்னாடி வந்தவங்களுக்கு இத சொல்லாம விட்டுட்டேன், எல்லாரையும் தொரத்திட்டாரு. ஒரு குறை விடாம சொன்னாரா?"

"விடாம சொன்னாருக்கா. நல்லதையும் ஒண்ணு சொன்னாரு."

போன் அணைந்தது. ஜெயப்பிரகாஷ் எதிர்க்கரையில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்யப்ரியாவுக்கு, செய்தது சரிதானா என்று வழக்கம்போல் சந்தேகம் வந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் பேசிவிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"வாடக்காத்துல பாய முழுசா விரிச்சிடாதம்மா."

"ஏன் சார், கிழிஞ்சிடுமா?"

"கிழியாது," என்றார். "அது பயந்துக்கும்."