பூஜ்ஜியத்தைத் தவிர

வாய்மொழித் தேர்வு அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: மாமனார், மருமகள், வெளியூர்ப் பேராசிரியர். இயற்கணிதத்தில் கோட்டைவிட்டால் குடும்ப மானம் போய்விடுமே என்று மாமனாருக்குக் கவலை.

"களம்னா என்ன? வரையறை சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

பதில் கணீரென்று வந்தது: "ஒரு கணத்துல கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் ஒழுங்கா நடக்கணும். ஒவ்வொரு உறுப்பையும் எதாலயாவது பெருக்கினா ஒண்ணு வரணும்."

"ஒவ்வொரு உறுப்பையுமா?"

மாமனார் சட்டென்று துள்ளி எழுந்தார். "பூஜ்ஜியத்தைத் தவிர! அதை எதால பெருக்கினாலும் பூஜ்ஜியந்தானே!"

"எழுபது வயசுல பாஸ் பண்ணிட்டீங்க, ஐயா!" என்றார் பேராசிரியர்.

தேர்வாளர் நாற்காலியில் இருந்த மருமகள் கைதட்டினாள். "என் கேள்விக்கே தப்பிச்சுட்டீங்களே, மாமா!"

மருமகள் தயவில்தான் மாமனார் பட்டம் வாங்கினார் என்று தெருவில் பேச்சு. அது பொய். மதிப்பெண் போட்டவர் பேராசிரியர். மருமகள் கேட்டது ஒரே கேள்வி: "ஒவ்வொரு உறுப்பையுமா?" மாமனாரைக் கவிழ்க்கப் பார்த்ததும் அதுதான்.