நாளை திறந்த இணைப்பு

9 ஆகஸ்டு 2006, புதன்

இன்று பி.எச்.பி. புரோகிராமிங் வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்தேன், வேலை முடிந்ததும் அதை மூடும் வரியை எழுதவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் இணைப்பு திறந்தே கிடந்ததில் சர்வர் நிறைந்து, எல்லோருடைய பக்கமும் நின்றுபோனது.

நிஷா மிஸ் கத்தவில்லை. "வெள்ளிக்கிழமை சர்வர் லிஸ்ட்ல உம்பேர்ல ஒண்ணு தொறந்திருந்தாலும் இன்டர்வியூக்கு அனுப்ப மாட்டேன், செழியா" என்றார். அந்த வேலைக்காகத்தான் ஒரு வருடமாக மாலை வகுப்புக்கு வருகிறேன்.

வரியைச் சேர்த்தேன். கிடந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினேன். திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலில் என் பெயரில் ஒன்று மட்டும் மிஞ்சியது. திறந்த நேரம்: ஆகஸ்டு 10, மாலை 6.42.

சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் ஓடியது. மற்றவர்களின் நேரங்களும் சரியாக இருந்தன. மிஸ் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினார். அப்போதும் அது இருந்தது. மூடச் சொன்னால், அப்படி ஓர் இணைப்பே இல்லை என்று பதில் வந்தது.

பக்கத்து இருக்கை அதீப் எட்டிப் பார்த்தான். "நாளைக்கே போயி ஒக்காந்துட்டியா மச்சான்? அங்கயும் மூட மறந்துட்டியே!"

அரியாங்குப்பம் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். நாளை நான் போகாவிட்டால் அது திறக்காமலே போகுமா, மூட ஆளில்லாமல் நிற்குமா என்று தெரியவில்லை.

நாளைய வேலை: 6.42க்கு இணைப்பைத் திறக்க வேண்டும். உடனே மூட வேண்டும்.